நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்தாறுக்கும் இடையில்

நவம்பர் 3, திங்கள்

மழை. மேற்குக் காற்று. டென்மார்க்கின் இந்த எஸ்பியர்க்கில் குடை வாங்குபவன் முட்டாள். காலை ஏழு மணிக்குக் கைபேசியில் முதியோர் பராமரிப்பு வேலைப் பட்டியல். புதிதாக ஒரு பெயர்: ஆக்செல், 87 வயது, தனியாள். துறைமுகத்துக்கு மேலே செங்கல் வீடு, இரண்டாம் மாடி. வேலை: இரண்டு காலுக்கும் இறுக்கக் காலுறை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, மாத்திரைப் பெட்டி. இருபது நிமிடம்.

கால்கள் வீங்கி மினுமினுப்பு. காலுறை ஏற்ற முழுதாக ஒன்பது நிமிடம். அவர் ஒரு முறையும் முனகவில்லை. அதற்குப் பதிலாகக் கதை. பழைய பள்ளிக்கூட ஆசிரியர்.

சுவரில் ஒரு படம். தாடிக்காரன், நீலச் சீருடை, முழங்காலில் தொப்பி. அவருடைய பூட்டனின் தம்பி, பெயர் யென்ஸ். இந்தப் பக்கத்து மேட்டுநிலத்தில் மூன்றாவது மகன், நிலம் இல்லை, அமெரிக்கா போனவன். மினசோட்டாவில் 160 ஏக்கர். பிறகு அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் படையாள். இருபத்திரண்டாம் தேதி தேவாலய மண்டபத்தில் ஆக்செல் இவனைப் பற்றிப் பேசப் போகிறார். யென்ஸின் சந்ததி அமெரிக்காவிலிருந்து வருகிறார்களாம்.

"நிலம் காலியாகக் கிடந்தது, தேவா. உழ ஆளில்லாமல்."

கண்ணுக்கு மருந்து விடும்போது இதைச் சொன்னார். சொட்டு கன்னத்தில் விழுந்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி விட்டேன்.

காலி நிலம். இந்த இரண்டு சொல்லும் எனக்கு ஒத்துவராது.

நவம்பர் 4, செவ்வாய்

காற்று குறைவு. பஸ்ஸில் யாரோ மீன் பெட்டியோடு.

ஆக்செல் (இனி ஆ.) தன் பேச்சை எனக்கு வாசித்துப் பழகுகிறார். யென்ஸ் செத்த பிறகு ஊருக்கு வந்த அவனுடைய குறிப்புப் புத்தகத்தை ஆக்செலின் அப்பா தட்டச்சில் அடித்து வைத்திருக்கிறார், பச்சைக் கோப்பு. மூலப் புத்தகம் கண்ணாடி அலுமாரியில். பழைய கொக்கி எழுத்து, எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

இதுவரை கேட்ட யென்ஸ்:
– மரப்பெட்டி ஒன்றோடு கப்பல். ஏழு கிழமை. ஓயாமல் வாந்தி.
– விஸ்கொன்சினில் மரம் அரியும் ஆலையில் இரண்டு குளிர்காலம். இடது கைச் சுண்டுவிரல் போனது.
– பிறகு 160 ஏக்கர். புல்மண்ணை வெட்டி அடுக்கிக் கட்டிய வீடு. மழைக்கு உள்ளே சேறு ஒழுகும்.
– மனைவி காரென். இரண்டு பிள்ளைகள். மூத்தது தொண்டை அடைத்துச் செத்தது.
– படையில் சேர்ந்தான். அடிமைகளை விடுவிக்கத் தெற்கே போகப் போகிறோம் என்று நினைத்தான். மேற்கே அனுப்பினார்கள், டகோட்டா மக்களைத் துரத்த.
– திரும்பி வந்தான். கோதுமை. கிழவனாகிச் செத்தான்.

எனக்குப் பிடிக்காதவை:
– "துரத்த" என்ற இடத்தில் ஆ. தண்ணீர் குடிக்கிறார். இன்று இரண்டு தரம் வாசித்தார், இரண்டு தரமும் குடித்தார்.
– துரத்தினால் எங்கிருந்து துரத்தினார்கள்? காலி நிலத்திலிருந்தா?

வீட்டில் சொன்னேன். மனைவி புவனா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனப்பா உங்களுக்கு உந்த ஆராய்ச்சி? காலுறையைப் போட்டிட்டு வாங்கோவன்."

அவள் யாழ்ப்பாணம். அவளுடைய வீட்டை ஷெல் உடைத்தது. ஆனால் காணி இன்றைக்கும் அவர்களுடைய பெயரில்தான். நான் கிழக்கு; எங்களுடைய ஆறு ஏக்கர் வயலில் ஒரு காலையில் சிங்களக் குடியேற்றக்காரர் வந்து நின்றார்கள், பக்கத்தில் துவக்கோடு ஊர்காவல்படை. அவர்களுக்கும் யாரோ சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள், காலி நிலம் என்று.

நவம்பர் 6, வியாழன்

மூடுபனி. துறைமுகத்தில் காற்றாலை இறக்கைகள் படுத்திருப்பது தெரியவில்லை.

இன்று கண்டது. ஆ. கோப்பை என் மடியில் வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போனார். தாள்களுக்கு இலக்கம் உண்டு. 39, 40, 41. அடுத்தது 46.

திரும்பி வந்ததும் கேட்டேன்.

"நான்கு பக்கம் இல்லையே."

"அப்பா எண்ணும்போது பிழை விட்டிருப்பார்."

பள்ளிக்கூட ஆசிரியரின் அப்பா. அவரும் ஆசிரியர். எண்ணத் தெரியாதாம்!

41 முடிவது: "படையிலிருந்து வீடு வந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் வயல் ஓரத்தில்". அதோடு சரி. 46 தொடங்குவது கோதுமை விலை பற்றி.

வயல் ஓரத்தில் என்ன?

நவம்பர் 7, வெள்ளி

நான் செய்தது சரியில்லை. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஆ. பல்துலக்கும்போது அலுமாரியைத் திறந்து மூலப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். எழுத்து தெரியாது, ஆனால் ஒரு பக்கத்தில் படம். பென்சில் கோடு. ஒரு வயல், மூலையில் ஒரு குழி, குழிக்குப் பக்கத்தில் ஒரு பெண், கையில் பிள்ளை. தட்டச்சுத் தாள்களில் இப்படியொரு பெண்ணே இல்லை.

எழுத்தும் சேர அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்தேன்.

பராமரிப்பு வேலைக்காரன் வாடிக்கையாளர் வீட்டில் படம் எடுப்பது வேலை போகிற குற்றம். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தரம்.

மகள் நிலானியிடம் காட்டினேன். நான் தமிழில் கேட்டேன், அவள் வழக்கம்போல டேனிஷில் பதில். "அப்பா, இதை எங்கே எடுத்தாய்?" பொய் சொன்னேன், அவரே தந்தார் என்று. என் முகத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பழைய கையெழுத்து வாசிக்கிற ஏதோ செயலியில் போட்டாள். முக்கால்வாசி குப்பை. தெளிவாக வந்த சொற்கள்:

பெண் — வந்தாள் — துவக்கை எடுத்தேன் — பிள்ளை — ஓடவில்லை

நிலானி செயலியை மூடினாள்.

சுட்டிருக்கிறான். வேறென்ன. அதைத்தான் கிழவர் உருவி எடுத்திருக்கிறார். தாடிக்காரனுக்கு மண்டபத்தில் கொடியும் கேக்கும் வைக்கப் போகிறார்கள்.

நவம்பர் 10, திங்கள்

ஆ.வின் மகள் வந்திருந்தாள். பிர்கித்த. வயது ஐம்பத்தைந்துக்கு மேல், பல் வைத்தியர். நான் காலுறை போடுவதைக் கதவுநிலையில் சாய்ந்து பார்த்தபடியே நின்றாள். இருபது நிமிடமும்.

வெளியே வந்து சப்பாத்தின் மேல் போட்ட பிளாஸ்டிக் உறையைக் கழற்றும்போது:

"யென்ஸைப் பற்றி நிறையக் கேள்வி கேட்கிறாயாம்."

"அவர்தான் வாசிக்கிறார்."

"அப்பா எல்லோரையும் நம்புவார்." சிரித்தாள். பல்லெல்லாம் ஒழுங்கு.

யாரை நம்பக்கூடாது என்று சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

வாங்க வேண்டியது: வெங்காயம், கத்தரிக்காய், புவனாவின் இருமல் மருந்து, பைக் விளக்குக்கு பற்றரி.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை. குளிர்.

அலுமாரி திறந்து கிடந்தது, உள்ளே புத்தகம் இல்லை. பச்சைக் கோப்பும் இல்லை. ஆ. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று பேச்சுப் பழகவில்லை. கால் நீட்டினார், கண் காட்டினார், அவ்வளவுதான்.

"புத்தகம் எங்கே?" என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். கேட்டால் நான் கவனித்தது தெரியும். கேட்காவிட்டால் நான் எடுத்தது போலாகும். இருபது நிமிடமும் இதே.

நவம்பர் 13, வியாழன்

பதினொரு மணிக்கு அலுவலகத்துக்கு அழைத்தார்கள். குழுத் தலைவி தேநீர் தந்தாள். தேநீர் தந்தால் விஷயம் நல்லதல்ல.

பிர்கித்தவின் முறைப்பாடு. குடும்பத்தின் பழைய புத்தகம் காணவில்லை. அந்நியர் என்று வீட்டுக்குள் வருவது நான் ஒருவன்தான்.

"யாரும் உன்னைக் குற்றம் சொல்லவில்லை, தேவா. கேட்கத்தான் வேண்டும். அந்தப் புத்தகத்தைத் தொட்டாயா?"

"இல்லை."

"படம் ஏதாவது?"

"இல்லை."

இரண்டு பொய். குரல் நடுங்கவில்லை என்பதுதான் எனக்கே பயம். இந்தக் குரலை நான் முன்பும் கேட்டிருக்கிறேன், என் வாயிலிருந்து, பதினைந்து வயதில். அதை இங்கே எழுதப் போவதில்லை.

விஷயம் தெரியும்வரை ஆ. வீட்டுக்கு வேறு ஆள்.

வீட்டில் புவனா கொதித்தாள். "அவையளுக்கு ஒண்டு காணாமப் போனா உடன கறுப்புக் கைதான். நீங்கள் ஒண்டும் தொடேல்லத்தானே?"

"இல்ல."

மூன்றாவது.

நிலானி அறைக் கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

நவம்பர் 15, சனி

வேலை இல்லை. பைக் கழுவினேன். பிறகு மறுபடி கழுவினேன்.

சந்தேகப் பட்டியல்:
1. பிர்கித்தவே எடுத்திருக்கலாம். அமெரிக்கக்காரர் கண்ணில் அந்தப் பெண் படாமலிருக்க.
2. ஆ. எரித்திருக்கலாம். அவர் வீட்டில் விறகடுப்பு இல்லை. அப்போ எரிக்கவில்லை.
3. புதிதாக வருகிற ஆள். அவர் வரும் முன்பே புத்தகம் இல்லை. அப்போ அவரும் இல்லை.

அந்தப் படத்தை இன்னும் கைபேசியிலிருந்து அழிக்கவில்லை. பெண்ணின் முகத்தை அவன் வரையவில்லை. பிள்ளைக்கு மட்டும் முகம் வரைந்திருக்கிறான்.

நவம்பர் 17, திங்கள்

காலை பட்டியலில் மறுபடி ஆக்செல். குழுத் தலைவி ஒரு வரி அனுப்பியிருந்தாள்: புத்தகம் கிடைத்துவிட்டது, அவரே எங்கோ வைத்து மறந்திருக்கிறார், மன்னித்துக்கொள், உன்னைத்தான் கேட்கிறார்.

போனேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நான் மறக்கவில்லை. பழைய காலுறைகள் போட்டு வைக்கும் பைக்குள் ஒளித்து வைத்தேன்."

"ஏன்?"

"குளியலறைக் கண்ணாடியில் அலுமாரி தெரியும். நீ படம் எடுத்ததைப் பார்த்தேன்."

என் கையில் காலுறை. அரைவாசி ஏற்றியபடி. குனிந்தே இருந்தேன்.

"பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறாய் என்று நினைத்தேன். பிர்கித்த வேறு மாதிரி நினைத்தாள். நான் உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் அவள் உன்னைச் சொன்னபோது தடுக்கவும் இல்லை. ஐந்து நாள்." கொஞ்சம் நிறுத்தினார். "இப்போது படத்தை அழி. நான் அந்த நான்கு பக்கத்தையும் வாசிக்கிறேன்."

அழித்தேன், அவர் கண்முன்னால். பிறகு வாசித்தார். இருபது நிமிடம் ஐம்பதாகிவிட்டது. பட்டியலில் அடுத்த வீட்டுக் கிழவி காத்திருப்பாள், ஏன் பிந்தினாய் என்று கேட்கட்டும். நினைவில் இருப்பதை எழுதுகிறேன்.

யென்ஸ் முதல் வசந்தத்தில் உழுதபோதே ஏர் லேசாக இறங்கியது. சின்னச் சின்ன மண்மேடுகள், வரிசை வரிசையாக. சோளம் நட்ட மேடுகள். யாரோ பல வருடம் பயிரிட்ட மண். அவனுக்கு உடனே விளங்கியது. ஊருக்கு எழுதிய கடிதத்தில் கன்னி நிலம் என்று எழுதினான், அண்ணனும் வரட்டும் என்று.

படையிலிருந்து வந்த ஆண்டில் ஒரு டகோட்டாப் பெண் பிள்ளையோடு வயல் மூலையில் வந்து மண்ணைத் தோண்டினாள். துவக்கை எடுத்துக்கொண்டு போனான். அவள் ஓடவில்லை. மண்ணைக் காட்டினாள், பிறகு பிள்ளையின் வாயைக் காட்டினாள். கத்தினான். போகவில்லை. வானத்தைப் பார்த்துச் சுட்டான். போனாள். அவள் விட்ட இடத்தில் இவன் தோண்டினான். மரப்பட்டை வைத்து மூடிய குழி, நிறைய உலர்ந்த சோளம். துரத்தப்படும் முன் அவர்கள் புதைத்து வைத்தது.

அதை எடுத்து விதைத்தான். அந்த ஆண்டுதான் நல்ல விளைச்சல்.

அடுத்த ஆண்டும் அவள் வந்தாள். பிள்ளை இல்லாமல். காரென் ஒரு ரொட்டியை எடுத்தாள். யென்ஸ் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டான். மூன்றாம் ஆண்டு அவனே ஒரு மூட்டை சோளத்தை மூலையில் வைத்துப் பார்த்திருந்தான். யாரும் வரவில்லை. மழையில் மூட்டை முளைத்தது.

கடைசி வரி: "யாருக்கும் சொல்லவில்லை."

ஆ. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பக்கங்களை உருவி எடுத்தது அவரேதான், முப்பது வயதில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இந்த இடம் இல்லாமல் வாசிப்பதற்காக. பிறகு திரும்ப வைக்கச் சந்தர்ப்பம் வரவில்லையாம்.

"முதல் நாளே உனக்குச் சந்தேகம் வந்தது. எப்படி?"

"எங்கள் வயலையும் இப்படித்தான் எடுத்தார்கள்."

"அப்படியென்றால் நீ அந்தப் பெண்ணின் பக்கம்."

"ஆம்" என்றேன்.

அடுத்த வீட்டுக்கு அரை மணித்தியாலம் பிந்திப் போனேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மழை. காய்ச்சல் என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் இல்லை. புவனா வேலையில், நிலானி படிக்கப் போய்விட்டாள். மேசையில் நான் மட்டும்.

எழுதிவிடுகிறேன்.

வயல் போன பிறகு மூன்று இடம் ஓடினோம். நான்காவது இடத்தில் ஒரு வீடு. முஸ்லிம் ஆட்களின் வீடு, அந்தத் தெரு முழுவதும் அவர்கள்தான். சண்டையில் ஒரே இரவில் போயிருந்தார்கள். எங்கள் பக்கத்து இயக்கப் பெடியள் துவக்கோடு நின்றார்கள். அம்மாவிடம் ஒருவன் சொன்னது நினைவிருக்கிறது: "சும்மா கிடக்கிற வீடுதானே அம்மா, இருங்க."

பதினொரு மாதம் இருந்தோம். அவர்களுடைய அம்மியில் அரைத்தோம். அவர்களுடைய கிணற்றில் குளித்தோம். சுவரில் பிள்ளைகளின் உயரம் பென்சிலால் கோடு போட்டிருந்தது. எங்களுக்கும் பக்கத்தில் போட்டுக்கொண்டோம்.

ஒரு பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே ஒரு பெண்பிள்ளையின் பரீட்சைச் சான்றிதழ்கள். நான் அந்த வருடம்தான் அதே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாக வாசித்தேன். எட்டுப் பாடமும் சித்தி, ஒன்றிலும் தோல்வி இல்லை; கணக்குக்கு விசேட சித்தி, ஆக உயர்ந்த தரம். எனக்குக் கணக்கு வராது. பொறாமையாக இருந்தது.

ஒரு நாள் சைக்கிளில் ஒரு ஆள் வந்தார். வெள்ளைச் சாரன். கேற்றுக்கு வெளியிலேயே நின்றார். கையைத் தூக்கிக் காட்டினார், ஒன்றும் இல்லை என்று.

"தம்பி, நான் ஹனிபா. இது எங்கட வீடுதான். வீடு கேக்க வரல்ல. ஒரு டின் இருக்கும், மகள்ர சேட்டிபிக்கட். அத மட்டும் தந்தாக் காணும்."

"இஞ்ச ஒண்டும் இல்ல."

"ஒருக்கா உள்ள பாத்துச் சொல்லுங்க தம்பி."

"இல்ல எண்டு சொல்லுறன்தானே. போங்க."

வானத்தைப் பார்த்துச் சுட எனக்குத் துவக்குத் தேவைப்படவில்லை. தெருமுனையில் பெடியள் நின்றார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது போதும், அவர் சைக்கிளைத் திருப்பினார்.

தராமல் விட்டதற்குக் காரணம் கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. டின் அம்மாவுக்குத் தேவைப்பட்டது, நிவாரண அட்டையும் ஊசி நூலும் வைக்க. அவ்வளவுதானா? தெரியாது. மாரி மழைக்கு விறகு பற்றவில்லை. அந்தத் தாள்களை அம்மா அடுப்பில் வைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். வாசித்தவன் நான். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அது என்ன தாள் என்று நான் சொல்லவில்லை.

புவனாவுக்குத் தெரியாது. நிலானிக்குத் தெரியாது.

நவம்பர் 19, புதன்

ஆ. இருபத்திரண்டாம் தேதி அந்த நான்கு பக்கத்தையும் வாசிப்பாராம். பிர்கித்த கதவுநிலையில். "அவர்கள் ஒன்பது மணித்தியாலம் பறந்து வருகிறார்கள் அப்பா, இதைக் கேட்கவா?"

என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இது உன் யோசனை."

இல்லை என்றேன். இந்த முறை உண்மை. அவள் நம்பவில்லை.

நவம்பர் 22, சனி

வெயில்! ஆ. கேட்டுக்கொண்டதால் மண்டபத்துக்குப் போனேன், வேலை உடுப்பு இல்லாமல். நிலானி தானாகவே கூட வந்தாள். நாற்பது பேர் இருக்கும். மேசைகளில் சின்னக் கொடிகள், கேக், கோப்பி.

யென்ஸின் சந்ததி: ஒரு கணவன் மனைவி. அவர் உயரம், காது பெரிது, அந்தப் படத்திலிருக்கிற அதே காது. இன்னும் அதே நிலத்தில் விவசாயம் செய்கிறாராம்.

ஆ. நின்றுகொண்டே வாசித்தார். 41 முடிந்தது. தண்ணீர் குடிக்கவில்லை. 42 தொடங்கினார். ஒரு பெண் அந்த ஆளுக்குப் பக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "மழையில் மூட்டை முளைத்தது" என்ற இடத்தில் அவள் நிறுத்திவிட்டு மறுபடி சொன்னாள்.

யாரும் கைதட்டவில்லை. பிர்கித்த கேக் கத்தியைப் பிடித்தபடி நின்றாள்.

அந்த அமெரிக்கர் எழுந்தார். ஆங்கிலம், எனக்கு விளங்கிய அளவுக்கு: "வடமேற்கு மூலையை நாங்கள் குழி என்றுதான் சொல்வோம். என் தாத்தா அங்கே உழவிடமாட்டார். டிராக்டர் புதையும் என்பார். நான் ஒரு தடவை உழுது பார்த்தேன். புதையவில்லை." உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "அந்தச் சனம் இப்போதும் இருக்கிறார்கள். நாற்பது மைல் தள்ளி. நான் அவர்களுடைய பெற்றோல் நிலையத்தில் பெற்றோல் அடிக்கிறேன்."

மறுபடி உட்கார்ந்தார். மனைவி அவருடைய கையைப் பிடிக்கவில்லை. அவளும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரில் நிலானி, டேனிஷில்: "அவர் தந்ததாகச் சொன்னாய். அவர் தரவில்லை, இல்லையா?"

"இல்ல."

"வேறு என்ன பொய் சொல்லியிருக்கிறாய்?"

கரையோரத்தில் காரை நிறுத்திச் சொன்னேன். எல்லாம். தமிழில்தான் வந்தது. அவள் சீட் பெல்ட்டைக் கழற்றி என் பக்கம் திரும்பினாள். முடிந்ததும் தமிழில் கேட்டாள், பிழையாக, ஆனால் தமிழில்: "அந்தப் பிள்ளைட பேர் என்ன அப்பா?"

சான்றிதழில் வாசித்த பெயர். முப்பத்தைந்து வருடம். மறக்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

மட்டக்களப்பில் இருக்கிற அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"என்ன தம்பி, இப்ப ஏன் அத நோண்டுறாய்? ஆரும் காசு கீசு கேட்டு வெருட்டுறாங்களா?"

"இல்லக்கா. ஹனிபா எண்டவர்ர ஆக்கள் இப்ப எங்க எண்டு மட்டும் விசாரி."

"அவங்க மறுகா அதே வீட்டுக்கு வந்திட்டாங்க. எப்பவோ. நான் அந்தத் தெருவால போறயில்ல." சற்று நிறுத்தி, "அம்மாவப் பற்றி ஒண்டும் சொல்லிப்போடாத."

அடுப்பில் எரிந்தது என்ன என்று அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது.

புவனாவிடம் மத்தியானம் சொன்னேன். நெடுநேரம் சோற்றைப் பிசைந்தாள். "அலுவலகத்தில கேட்டதுக்கும் பொய்தானே சொன்னனீங்கள்?" "ஓம்." "என்னட்டையும்." "ஓம்." தட்டோடு எழுந்து போனாள். இதுவரை பேச்சில்லை.

நவம்பர் 24, திங்கள்

ஆ. காலுறை. இரண்டு பேரும் அதிகம் கதைக்கவில்லை. பிர்கித்த இன்னும் கோபம்.

பிறகு அலுவலகம். குழுத் தலைவியிடம் படம் எடுத்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். எழுத்தில் எச்சரிக்கை வரும், அல்லது அதற்கு மேல். தேநீர் தரவில்லை.

அக்கா ஓர் இலக்கம் அனுப்பியிருந்தா. கூட ஒரு சொல்லும் இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

காலை பத்தரை. அங்கே பின்னேரம் மூன்று. மழை பற்றிக் கவனிக்கவில்லை.

நாலாவது தரம் மணி அடிக்க எடுத்தார்கள். பெண் குரல்.

"ஆரு?"

"ஹனிபா அவங்கட வீடா?"

"வாப்பா மௌத்தாகி எட்டு வருசம். நீங்க ஆரு கதைக்கிற?"

"டென்மார்க்கில இருந்து. தேவராசா. உங்கட வீட்டில... முந்தி, சண்டைக்குள்ள, பதினொரு மாசம் இருந்த ஆக்கள்."

பிறகு, வேறு குரலில்:

"என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒண்டும் வேணாம். ஒரு பிஸ்கட் டின். அதுக்குள்ள இருந்த சேட்டிபிக்கட்..."

"இஞ்ச இப்பிடிக் கனபேர் போன் எடுக்கிற. நம்பர் தா, கோட் தா எண்டு. நீங்க ஆர் எண்டு எனக்கெப்பிடித் தெரியும்? டின்ல என்ன படம் இருந்த?"

"ரெண்டு மயில். ஒண்டுக்குத் தலையில துரு."

பின்னால் கேட்ட தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"உங்கட வாப்பா கேட்டு வந்தவர். டின் உள்ளதான் இருந்த. நான்தான் இல்ல எண்டு சொன்னன். பிறகு தாளெல்லாம் எங்கட வீட்டு அடுப்பில எரிஞ்சு போச்சு. நான் பாத்துக்கொண்டிருந்தனான்."

"நீங்க அத வாசிச்சிங்களா?"

"ஓம்."

"கணக்குக்கு என்ன?"

"விசேட சித்தி."

ஏதோ கீழே வைக்கிற சத்தம். பாத்திரம் போல.

"கலியாணம் முடிச்ச வீட்டில ஒருத்தரும் நம்பல்ல," என்றா. "பாஸ் பண்ணாமப் பொய் சொல்லுறாள் எண்டு. கொழும்புக்குப் போய் வேற கொப்பி எடுத்துத் தாங்க எண்டா, இல்லாத சேட்டிபிக்கட்ட எங்க எடுக்கிற எண்டு சிரிக்கிற. இவ்வளவு காலமும் அதுதான் பகிடி. பிள்ளைகளுக்கும் பகிடி."

நான் மன்னிப்பு என்ற சொல்லைத் தொடங்கினேன்.

"அது இரிக்கட்டும். வெச்சிராதிங்க. ஸ்பீக்கரில போடுறன். இஞ்ச எல்லாரும் இரிக்காங்க. இப்ப சொன்னத திரும்பச் சொல்லுங்க."

கைபேசியை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. ஒரு ஆண் தொண்டையைச் செருமினான்.

"ம். ஆரு நீங்க? சொல்லுங்க."